சீதனமாகப் போன வாடகை வீடு

புளியந்தீவு
2025 பெப்ரவரி 9

என் ஒரே அக்கா தனுஷியாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் தனியாகச் சுகமில்லை. நீயும் சிவதர்ஷன் அத்தானும் எப்படி?

பதினைந்து வயதில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று முத்திரை விற்கிறவரே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வேறென்ன செய்வது? உன் போன் பழுதாகி இரண்டு மாதம். அத்தானின் போனுக்கு எடுத்தால், "அவ குளிக்கிறா" என்கிறார். காலையிலும் குளிக்கிறாய், மத்தியானமும் குளிக்கிறாய். வவுனியாக் குளங்கள் வற்றினால் காரணம் யாரென்று எங்களுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லடியில் நம் தொடர்மாடியைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். அதைத் தொழிலாளருக்கென்று கட்டிய நெல் மில் முதலாளியின் பேரப்பிள்ளைகள் ஹோட்டல்காரருக்கு விற்காமல் ஒரு வீடமைப்பு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். இருபத்து நாலு வீட்டையும் புதுக்கி, பழைய ஆட்களுக்கே குறைந்த வாடகைக்குத் திருப்பித் தரப்போகிறார்கள். அதுவரை எங்களைப் புளியந்தீவில் ஒரு பழைய வீட்டில் போட்டிருக்கிறார்கள். நாலு குடும்பம், ஒரு கக்கூஸ். வரிசை ஒழுங்காக நடக்கட்டும் என்று நான் இலக்கம் எழுதிய துண்டு கொடுத்தேன். ஏழாம் இலக்கத்தை இரண்டு பேருக்குக் கொடுத்தது தவறுதலாகத்தான் என்று யாரும் நம்பவில்லை.

அந்த வீடு கிடைக்காவிட்டால் கல்லடியில் நமக்கு இனி இடமில்லை. கடற்கரைப் பக்கம் முழுக்க விருந்தினர் விடுதி. பக்கத்து நெல் ஸ்டோர் கோப்பிக் கடையாகிவிட்டது. அப்பா உள்ளே போய் ஒரு கோப்பை என்ன விலை என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டாம் தரம் அவர் சிரிக்கவில்லை.

இப்போது கவனமாக வாசி. நிறுவனத்தின் ஸஹ்ரா மிஸ் மில்லின் பழைய பதிவேட்டை விரித்தார். இரண்டாம் மாடி, ஏழாம் இலக்கம், பெயர்: இ. தனுஷியா.

"இவ யாரு?"

"மூத்தவ மிஸ். கலியாணத்துக்கு வீட்டச் சீதனமாக் குடுத்துப் பேர மாத்தினன்" என்றார் அப்பா.

"வாடகை வீட்டயா?"

"எங்கட பக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே. குடுக்க வேற வீடு இல்ல. இருந்ததக் குடுத்தன்."

ஸஹ்ரா மிஸ் காத்தான்குடி. அங்கேயும் வீடு பெண்ணுக்குத்தான் என்பதால் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். பிறகு சட்டத்தைச் சொன்னார். பதிவேட்டில் பெயர் உள்ளவர் ஓகஸ்ட் 30ஆம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு முன் நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு வீட்டுக் கதவின் திறப்பை வாங்க வேண்டும். வாங்கிய பிறகு அங்கேயே குடியிருக்க வேண்டும். வேறு பெயருக்கு மாற்ற முடியாது. ஹோட்டல் புறோக்கர்மார் பெயர்களை விலைக்கு வாங்கத் திரிவதால் அப்படி ஒரு சட்டம். நீ வராவிட்டால் வீடு காத்திருக்கும் பட்டியலுக்குப் போகும்.

அத்தானும் வரட்டும். நாங்கள் மூன்று பேரும் பின்னறைக்குள் ஒடுங்கிக்கொள்கிறோம். ஒரே கேள்விதான்: வருவாயா?

பதில் வரும்வரை நகம் கடித்துக்கொண்டிருக்கும்,
நிருஷா

*

வவுனியா
2025 பெப்ரவரி 27

அன்புள்ள நிரு,

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிந்து ஆறுதல். அப்பாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல். நாங்கள் இருவரும் சுகம்.

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். அத்தான் முதலில் வாசித்துவிட்டு, உன் கையெழுத்து வடிவாக இருக்கிறது என்றார். குளிப்பு விஷயங்களை இனி எழுதாதே.

குசினி யன்னலை என்ன செய்யப்போகிறார்கள்? அதுதான் எனக்கு ஒரே யோசனை. சோறு வடிக்கும்போது வாவி தெரியும், பாலத்தில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று தெரியும். அப்பா வேலை முடிந்து சைக்கிளில் பாலத்தில் ஏறும்போதே நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். இங்கே குசினிக்கு யன்னல் இல்லை. அந்த யன்னலின் இடப்பக்கக் கதவு கொஞ்சம் இறுகும், கீழே தட்டித் திறக்க வேண்டும். அதை யாரிடமாவது சொல்லிவை.

இங்கே வெயில் கடுமை. போன் திருத்தக் கொடுக்க வேண்டும்.

அம்மாவை ஒரு தரம் கட்டிப்பிடித்துக்கொள்.

உன் அக்கா

*

புளியந்தீவு
2025 மார்ச் 16

யன்னல் அம்மையாருக்கு,

நாங்கள் சுகம், உன் பதில் மட்டும் சுகவீனம். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். முக்கால்வாசி யன்னல், மிச்சம் வெயிலும் நல்லெண்ணெயும். நான் கேட்ட கேள்வி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடித உறையைக்கூடக் கிழித்துப் பார்த்தேன்.

கேட்டாய் என்பதற்காக யன்னலைப் பார்க்கப் போனேன். நல்ல வேளை போனேன். புதுத் தண்ணிக்குழாய் எல்லாம் ஒரே இடத்தால் இறங்க வேண்டுமாம், அதற்குக் குசினி யன்னலை அடைக்க வேண்டுமாம். மேசன் மஜீத் நானா கல்லையும் சாந்தையும் எடுத்து வைத்துவிட்டார். நான் யன்னல் திட்டில் ஏறிக் குந்திக்கொண்டேன்.

"மகள், இறங்குங்க. பிளேன்ல இப்பிடித்தான் கிடக்கு."

"பிளேன் கீறினவர் சோறு வடிச்சிருக்காரா நானா?"

"அதெப்பிடி எனக்குத் தெரியும்?"

"மறுகா என்னத்துக்கு அவர்ட பேச்சக் கேக்கிறீங்க?"

மத்தியானச் சாப்பாட்டுவரை இறங்கவில்லை. கடைசியில் அவர் ஸஹ்ரா மிஸ்ஸுக்குப் போன் போட்டு, "இஞ்ச ஒரு புள்ள என்னையும் ஜன்னலோட சேத்துப் பூசுங்க எண்டு குந்திக்கிட்டு இருக்கு" என்றார். இருவரும் பேசிக் குழாயை மறுபக்கச் சுவரால் இறக்கச் சம்மதித்தார்கள். உன் யன்னல் தப்பியது. என் பாவாடை தப்பவில்லை.

கடிதத்தோடு ஒரு தாளும் முத்திரை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். தாளில் இரண்டே சொல்: வருவேன், வரமாட்டேன். ஒன்றுக்கு வட்டம் போடு. வட்டம் போடத் தெரியும்தானே, இல்லாவிட்டால் எப்படிப் பள்ளிக்கூடம் முடித்தாய்?

பொறுமை தீர்ந்துகொண்டிருக்கும்,
நிருஷா

*

வவுனியா
2025 ஏப்ரல் 20

அன்புள்ள நிரு,

வருடப்பிறப்புக்கு வர முடியவில்லை. அத்தானுக்கு லீவு இல்லை. அம்மா கைவிசேஷக் காசு தர என்னைத் தேடியிருப்பா என்று தெரியும். எனக்குரியதை நீ வாங்கிக்கொள்.

யன்னலைக் காப்பாற்றினாய். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

நீ வெயிலில் திரியாதே. நாங்கள் சுகம்.

அக்கா

*

புளியந்தீவு
2025 மே 4

அக்கா,

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், அதனால் விசாரிக்கிறேன். சுகமா? நாங்கள் சுகம். முடிந்தது.

தாள் வந்தது. ஒரு வட்டமும் இல்லை. வெறுந்தாளை அனுப்ப என்னுடைய முத்திரையா கிடைத்தது என்று கத்தினேன். பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'வருவேன்' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பிறகு அழிரப்பரால் உரசியிருக்கிறது. தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிருக்கிறது. வருகிறாய், பிறகு வரவில்லை. என்ன அக்கா இது? நீ மனதை மாற்றி மாற்றி விளையாட, இங்கே நாங்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் நிற்கிறோம்.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். அம்மா அதைத் தடவிப் பார்த்தா, என்னைப் பார்க்கவில்லை.

"அவளுக்கு ஏலாதாக்கும் மனே. ஏசி எழுதாத."

"என்ன ஏலாது? வட்டம் போடவா?"

அம்மா மீன் வெட்டப் போய்விட்டா.

இதற்கிடையில் ஹோட்டல் புறோக்கர் ஒருவர் வந்து அப்பாவைப் பிடித்தார். "ஐயா, மகள் வரமாட்டாவெண்டா ஒரு கடிதம் தாங்க, நாங்க பாத்துக்கொள்ளுறம்" என்றார். நான் பேசாமல் வெளியே போய் அவருடைய காரின் பின்பக்கத்தில், 'இந்தக் கார் அவசர விற்பனைக்கு' என்று எழுதி, அவர் தந்த அட்டையில் இருந்த போன் நம்பரையே ஒட்டிவிட்டேன். அதன் பிறகு இரண்டு கிழமையாக அவருக்கு நம்மைத் தேட நேரம் இல்லை.

எல்லாப் புறோக்கரையும் நான் ஒருத்தியே விரட்ட முடியாது. பதில் எழுது. நேரான பதில்.

நிருஷா

*

வவுனியா
29.05.2025

அன்பின் மச்சாள் நிருஷாவுக்கு,

நானும் உமது அக்காவும் நலம். அங்கு மாமா, மாமி, நீர் யாவரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

தனுஷியாவுக்கு வலது கையில் நோவு. எழுத முடியாதிருப்பதால் அவவின் சார்பில் நான் எழுதுகிறேன். உமது கடிதங்கள் அவவின் மனதைக் குழப்புகின்றன. ஓகஸ்ட் மாதம் அவ்வளவு தூரம் பயணம் செய்வது அவவுக்குச் சரிவராது. படிவத் தாள்களை இங்கு அனுப்பினால் அவ கையொப்பமிட்டு அனுப்புவா. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் எனது பெயர் இடப்பட வேண்டும் என்பதை அந்த அலுவலருக்கு எடுத்துச் சொல்லவும். வீட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதை நான் பிறகு தீர்மானிப்பேன்.

நீர் படிப்பில் கவனம் செலுத்தவும்.

இங்ஙனம்,
த. சிவதர்ஷன்

*

புளியந்தீவு
2025 ஜூன் 8

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் நலமா? கை நோவு என்று அறிந்து கவலை. நாங்கள் நலம். வீட்டைப் பற்றி இனித் தொந்தரவு செய்யமாட்டேன். அத்தான் சொன்னது சரி, நான் படிக்க வேண்டும்.

வேறொரு சின்ன விஷயம். நம்முடைய பூனை கிளாக்கர் ஒன்றும் சாப்பிடுகிறான் இல்லை. புது இடம் பிடிக்கவில்லைப் போலும். வயிறு ஒட்டிவிட்டது. நீ இருந்த காலத்தில் அவனை மடியில் வைத்துத் தீத்துவாயே, என்ன கொடுப்பாய் என்று அம்மாவுக்கும் அயத்துப்போச்சாம். நீ நேரே எழுதினால்தான் உண்டு. அவனும் உன்னைத்தான் தேடுகிறான்.

பணிவான தங்கை,
நிருஷா

*

வவுனியா
2025 ஜூலை 3

அன்புத் தங்கை நிருஷாவுக்கு,

நான் நலம். கை நோவு காரணமாக இக்கடிதத்தைக் கம்பியூட்டரில் அடித்து அனுப்புகிறேன். நீ வீட்டு விஷயத்தை விட்டது சந்தோசம். அத்தான் சொல்வது போல் செய்வதே எல்லோருக்கும் நல்லது.

கிளாக்கரைப் பற்றி அறிந்து மிகவும் கவலையடைந்தேன். அவனுக்குப் பாலில் சோறு பிசைந்து கொடுக்கவும். மடியில் வைத்து நான் அப்படித்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
அன்பு அக்கா தனுஷியா

*

(பணியார டின்னின் அடியில், எண்ணெய்த்தாளுக்குக் கீழே)

2025 ஜூலை 19

அக்கா,

இந்த டின்னை அம்மாவும் அப்பாவும் கொண்டு வருகிறார்கள். பயத்தம் பணியாரத்தை அள்ளி வைக்கும்போது அடித்தாளைத் தூக்கிப் பார்ப்பாய் என்று தெரியும். சின்ன வயதில் உன் ரிபன்களைத் திருடி நான் ஒளித்து வைத்த இடம் இதுதானே.

சுகமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

நம் வீட்டில் எந்தக் காலத்திலும் பூனை இருந்ததில்லை. பூனை மயிர் பட்டாலே உனக்கு மூச்சு இழுக்கும். நம் பூனைக்கு என்ன தீத்துவாய் என்று எழுதிக் கேட்டுப் பார்த்தேன், பாலும் சோறும் என்று உன் பெயரில் பதில் அடித்து வந்தது, அடித்தது யாரென்று தெரிந்துவிட்டது. என்னுடைய பூனைக் கடிதம் உன் கைக்கு வரவேயில்லை என்பதும் தெரிந்துவிட்டது. நான் முட்டாள். பெப்ரவரியில் இருந்து உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். குளிப்புக் கதை எழுதியதற்கு உனக்கு என்ன நடந்ததோ தெரியாது. அதை நினைத்தால் எனக்குப் பகிடி விடவே கை வரவில்லை, பார்.

நான் சொன்ன பிறகுதான் அம்மா வாய் திறந்தா. "அவள் யன்னலப் பத்தி எழுதக்குள்ளயே எனக்கு விளங்கிற்று மனே" என்றா. விளங்கினால் சொல்ல வேண்டியதுதானே என்று அம்மாவோடும் சண்டை. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் நேரம் பார்க்கப் போனார். இன்றைக்கே கூட்டி வருவோம் என்றார். அம்மாதான் மறித்தா. "அவளிட்டக் கேளாம நாமளும் இழுத்துக்கொண்டு வரப்படாது" என்றா.

அதனால் நீ சொல். வந்த டின்னை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நீயும் எதையாவது போட்டுத்தான் அனுப்புவாய். அத்தானும் அதைச் சந்தேகப்படமாட்டார். மாப் பைக்கற்றோ சீனியோ போடு, அடியில் ஒரு துண்டுத்தாளும் போடு.

அப்பாவின் கணக்கில் வீடு உனக்குக் கொடுத்தாகிவிட்டது. அது வாடகையானாலும் உன் வீடுதான்.

நிரு

*

(திரும்பி வந்த டின்னில், சீனிப் பைக்கற்றின் கீழே)

நிருக்குட்டி,

கெதியாக எழுதுகிறேன். அம்மா குசினி வாசலில் நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறா, அப்பா முன்னால் அவரோடு இருக்கிறார்.

வட்டத்தை அழித்தது நான் இல்லை.

போன் பழுதில்லை. அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரித் திறப்பு அவரிடம். கை நோவு உண்மைதான், எப்படி வந்தது என்று எழுதமாட்டேன். இப்போது குறைவு.

இன்று அப்பாவோடு வந்தால் வாசலில் பெரிய சண்டை வரும். அப்பாவின் காலுக்கும் வயதுக்கும் அது வேண்டாம். 30ஆம் திகதி சனிக்கிழமை, அவருக்கு வேலை நாள். ஆறு மணிக்கு வெளிக்கிட்டுவிடுவார். நான் அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். யாரும் என்னைத் தேடி வரவேண்டாம். நானே வருவேன். பேனையால் எழுதுகிறேன், இதை அழிக்க முடியாது.

எந்தப் பூனை என்று நினைத்து அம்மாவின் முன்னால் சிரித்துவிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு உண்மையாகச் சிரித்தது.

அக்கா

*

கல்லடித் தொடர்மாடி
இரண்டாம் மாடி, 7ஆம் இலக்கம்
2025 செப்ரெம்பர் 21

மதிப்புக்குரிய சிவதர்ஷன் அத்தானுக்கு,

நாங்கள் நாலு பேரும் நலம். உங்கள் நலத்தையும் முறைக்காக விசாரிக்கிறேன்.

உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. அக்கா மூன்றையும் தானே உடைத்து, தானே வாசித்தா. இந்த வீட்டில் கடிதம் யாருடைய பெயருக்கு வருகிறதோ அவர்தான் உடைப்பார். பதில் எழுத அவவுக்கு ஒன்றும் இல்லையாம். எழுத எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும் என்பதால் என்னிடம் தந்துவிட்டா.

30ஆம் திகதி என்ன நடந்தது என்று இரண்டாவது கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

இருபத்து மூன்று வீட்டுக்காரரும் மத்தியானத்துக்குள் திறப்பை வாங்கிவிட்டார்கள். மூன்றரைக்கும் ஏழாம் இலக்கத்துக்கு ஆள் இல்லை. காத்திருக்கும் பட்டியலில் முதலாவதாக இருந்த குடும்பம் கைக்குழந்தையோடு வந்து படியில் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவுக்கு எங்களைப் பார்க்கப் பயம், எங்களுக்கு அவவைப் பார்க்கப் பயம். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். மஜீத் நானா கதவைத் திறந்துவிட, அம்மா மேலே குசினியில் நின்றா.

அந்த யன்னலைத் தெரியும்தானே. தெரியாது, நீங்கள் ஒரு நாளும் குசினிக்குள் போனதில்லை. அதில் பாலம் தெரியும். நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அம்மா இடப்பக்கக் கதவைக் கீழே தட்டித் திறந்து, எட்டிப் பார்த்து, "வாறாள்" என்றா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கீழே எங்களுக்குக் கேட்டது.

பஸ் வழியில் பழுதாகி, டவுனில் ஓட்டோவும் கிடைக்காமல், அக்கா பாலத்தை நடந்து கடந்திருக்கிறா. கையில் ஒரே ஒரு பை. நான் ஓடிப்போய் அதை வாங்கினேன். எழுதும் கொப்பியும் ஒரு சாரியும் தவிர ஒன்றும் இல்லை, அவ்வளவு இலேசு. மஜீத் நானா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றவர், "புள்ளைக்குத் தண்ணி குடுங்க முதல்ல" என்று எல்லோரையும் விலக்கினார்.

ஸஹ்ரா மிஸ் திறப்பை அக்காவின் கையில் வைத்து, படிவத்தை நீட்டினார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அக்கா நின்றுவிட்டா.

"மிஸ், இதில யாரப் போடுற?"

"திறப்பு ஆர்ட கையில?"

"என்ட கையில."

"அப்ப ஏன் எங்கிட்டக் கேக்கிறீங்க?"

அக்கா தன் பெயரை எழுதினா. பேனையால்.

படியில் இருந்த குடும்பம் எழும்பிப் போனது. அது எனக்கு இப்போதும் மனதில் கிடக்கிறது. அடுத்த கட்டடத்தையும் நிறுவனம் எடுக்கப்போகிறதாம். அவர்கள்தான் முதல் என்று ஸஹ்ரா மிஸ் சொன்னார். கிழமைக்கு ஒருமுறை போய் அது உண்மையா என்று கேட்டு அவவின் உயிரை எடுக்கிறேன்.

மூன்றாவது கடிதத்தில், வந்து கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். நீங்களும் கலியாணத்தன்று அப்படித்தான் வந்தீர்கள், அப்பா உங்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் வார்த்தார். வருகிறவரை உள்ளே விடுவதா இல்லையா என்பதும் வீட்டுக்காரியின் பாடு. நீங்கள் வருவதென்றால் பாலத்தால்தான் வரவேண்டும். யன்னலில் இருந்து நன்றாகத் தெரியும். தெரிந்தவுடன் அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாவா, கதவைப் பூட்டுவாவா என்று நான் கேட்கவில்லை. இந்தக் கிழமை திறப்பை நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறா. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் குளிக்கிறா.

கிளாக்கர் நல்ல சுகம். நீங்கள் எழுதியபடியே பாலில் சோறு பிசைந்து வைத்தோம். அப்படியே இருக்கிறது. அவன் எங்கள் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

இங்ஙனம்,
படிப்பில் கவனம் செலுத்தும்,
நிருஷா